மீதி நிற்கும் பிள்ளைகள்



கழக்கூட்டத்துத் தமிழ்ச் சொந்தங்களே, வாரமெல்லாம் டெக்னோபார்க்கில் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வருகிறீர்கள். வந்ததும் கொட்டாவி விடுகிறார்கள் என்று குறைப்படுகிறீர்கள். விளையாட விடுங்கள் என்றால், "அப்போ பாடம் எப்போ சார் நடத்துறது?" என்கிறீர்கள்.

விளையாட்டின் விதியே பாடமாக இருக்கட்டும். வகுப்பில் 23 பிள்ளைகள் என்று வையுங்கள். நான் "நாலு!" என்பேன். நாலு நாலு பேராகக் கைகோத்து நிற்க வேண்டும். ஐந்து குழு சேரும், மூன்று பேர் மீதி. "ஆறு!" என்றால் மூன்று குழு, ஐந்து பேர் மீதி. ஈவும் மீதியும் கண்ணெதிரே நிற்கின்றன! எந்த எண் சொன்னால் யாருமே மீதியாக மாட்டார்கள்? இரண்டு, மூன்று, ஏழு எல்லாம் கூவிப் பார்த்துத் தோற்பார்கள். பகா எண் என்ற பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆசிரியரும் உள்ளே குதித்தால் 24. இப்போது "ஆறு!" என்று சொல்லிப் பாருங்கள்.

மொத்தம் ஐந்தே நிமிடம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மீதி நின்றவரை "அவுட்" என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவர்தானே முதலில் வெளியேறுவார்? அடுத்த எண்ணை அவர் சொல்லட்டும்.

விளையாட்டாகப் படிப்பது ஒன்றும் புதுச் சரக்கில்லை. ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் அதற்குத் துணைநின்றார். பிறகு தமிழகம் முழுக்கப் பரவியது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடலும் பாடலும் உண்டு. இவற்றின் அட்டைகளும் பெட்டிகளும் நல்லவைதான். ஆனால் அவை இல்லையென்று சாக்குச் சொல்ல வேண்டாம். தமிழ்ப் பாடத்துக்கு மூன்று மூலையும் ஒரு குரலும் போதும். ல ஒரு மூலை, ள ஒரு மூலை, ழ ஒரு மூலை. "வால்", "வாள்", "வாழை" என்று சொல்லச் சொல்ல ஓட வேண்டும். இந்த ஆட்டத்தில் சென்னைப் பிள்ளைகளை நம் பிள்ளைகள் தோற்கடித்துவிடுவார்கள். தெருவெல்லாம் மலையாளம் கேட்டு வளர்கிற காதுக்கு ழ தப்புமா என்ன!

பேச்சு போதும். முன்வரிசைப் பிள்ளைகளே, எழுந்து மேடைக்கு வாங்க. அப்பாக்களும் வரலாம். எத்தனை பேர் என்று யார் எண்ணிச் சொல்லப் போகிறீர்கள்?