ஆதிமந்தியும் செல்வியும்



குடமுருட்டி பாயும் இப்பாபநாசத்தில் பேச நிற்பவர்க்கு ஆதிமந்தி நினைவுக்கு வருதல் இயல்பே. கழார்த் துறையில் புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றது; ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்தாள். அவள் பாடியதாக வழங்கும் பாட்டு குறுந்தொகையில் 31ஆவதாக உள்ளது. அகநானூற்றில் பரணர் இச்செய்தியைப் பலமுறை எடுத்தாள்கின்றார். ஆட்டனத்தி மறைந்தான் என்று மட்டும் சொல்லி அவர் அமைதி கொள்ளவில்லை. கொண்டுசென்றது காவிரி என்கின்றார். சோழநாட்டை ஊட்டி வளர்க்கும் தாய் என்பதற்காக ஆற்றின் பெயரை அவர் மறைக்கவில்லை. அத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடல்புகுந்த மருதியின் பெயரையும் அவர் மறக்கவில்லை.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் காலத்துக் கவிஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம்.

செல்வி என்று அறியப்பட்ட தியாகராஜா செல்வநிதி ஈழத்துச் சேமமடுவைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். 'தோழி' என்னும் பெண்ணிய இதழை நடத்தியவர். சீதனக் கொடுமையையும் பாலியல் வன்முறையையும் அரங்கிற்குக் கொண்டுவந்தவர். பெண்ணுரிமைக் குரலுக்கு அம்மண்ணில் வழிதிறந்தவர்களுள் ஒருவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று அவரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். 1992இல் பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. கொல்லப்பட்டார் என்ற செய்தி மட்டும் பின்னாளில் வந்தது.

1938இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கறுப்பின மாணவரின் கல்வியுரிமைக்காக வழக்காடி வென்ற லாயிட் கெயின்ஸ், மறு ஆண்டு மார்ச்சில் சிகாகோ நகரில் காணாமற்போனார். அங்கே, நிகழ்ந்தது என்ன என்பதே இன்றுவரை புதிர். செல்வியின் செய்தியிலோ பிடித்துச் சென்றவர் யார் என்பது தெரியும். தெரிந்தும் சொல்லத்தான் நமக்குத் தயக்கம்.

'காணாமற்போனார்' என்னும்போது, போதல் போனவரின் வினையாகிவிடுகின்றது. பிள்ளைகளை இழந்த ஈழத்துத் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்து, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்னும் தொடரை உலகறியச் செய்தனர். அச்செயப்பாட்டுவினை, ஆக்கியவர் ஒருவர் உண்டு என்று சாட்சி சொல்கின்றது. ஆக்கியது சிங்கள அரசின் படை என்றால் நம் மேடைகள் முழங்குகின்றன, முழங்கவும் வேண்டும். ஆக்கியவர் நம்மவர் என்றால் மட்டும் குரல் ஏன் தாழ்கின்றது?

போராட்டத்தின் பெருமை குன்றும் என்பர் சிலர். காவிரி என்று பெயர் சொன்னதால் பரணர் காவிரிக்குப் பகைவராகிவிடவில்லை. கொடியது எவர் செய்யினும் கொடியதே என்று சொல்லும் உரிமை கவிஞனுக்கு இல்லையென்றால், வேறு எவர்க்கு உண்டு?

ஆகஸ்ட் 30ஐ, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2011 முதல் கடைப்பிடிக்கின்றது. செல்வி பிடிக்கப்பட்டதும் அதே தேதியில்தான். இனி ஆண்டுதோறும் அந்நாளில் அவர் கவிதைகளை நம் வட்டம் வாசிக்க வேண்டும். அவர் பெயரோடு, கொண்டுசென்றவர் பெயரையும் தயங்காது சொல்ல வேண்டும். பதினோராம் ஆண்டின் முதற் பணியாக இதை ஏற்குமாறு வேண்டி அமைகின்றேன்.