இரண்டு விரல், இரண்டு புத்தகம்

தெலுக் இந்தானிலிருந்து பேசுகிறேன். கிரெப், கட், சார்ட் எல்லாம் உங்களில் பலருக்குப் பழக்கம்தான். ஷெல் என்றால் என்ன என்று தொடங்கி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நேராக எனக்குப் பிடித்த ஆளிடம் போகிறேன். அவர் பெயர் 'காம்'. இரண்டு பட்டியலை ஒப்பிடும் கட்டளை.

இன்றைக்கு இரண்டு பட்டியல் கையில் கிடைத்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எக்செலில் ஒட்டி கலர் அடிக்கிறார்கள். இல்லாவிட்டால் ஏஐயிடம் கொடுத்து, யார் விட்டுப்போச்சு பாரு என்கிறார்கள். பதில் வந்துவிடுகிறது. எப்படி வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஊரார் அடையாள அட்டையான ஐசியின் எண்ணையெல்லாம் யாரோ ஒருவரின் கணினிக்கு அனுப்பியதுதான் மிச்சம்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். காலையில் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் அவரவர் எண்ணுக்கு நேரே குறிப்பார். பால் நிறுத்த கணக்கு வேறொரு புத்தகத்தில் இருக்கும். சாயங்காலம் இரண்டையும் மேசையில் விரித்து, இடது விரலைச் செக்ரோலிலும் வலது விரலைப் பால் கணக்கிலும் வைப்பார். இரண்டு விரலும் 41-ஆம் எண்ணில் நின்றால் சரி, இரண்டும் கீழே இறங்கும். இடது விரல் 42-இல், வலது விரல் 44-இல் நின்றால்? 42 பெரட்டுக்கு வந்தது, பால் கொண்டுவரவில்லை. குறித்துக்கொள்வார், இடது விரல் மட்டும் இறங்கும். சின்ன எண்ணில் நிற்கும் விரல்தான் நகரும். அவ்வளவுதான் வித்தை.

காம் செய்வதும் அதே விரல் வித்தைதான். 1973-இல், பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே வந்துவிட்டது. மூன்று பத்தியாகப் பதில் தரும்: முதல் கோப்பில் மட்டும் இருப்பவை, இரண்டாவதில் மட்டும் இருப்பவை, இரண்டிலும் இருப்பவை. வேண்டாத பத்தியின் எண்ணைச் சொன்னால் அதை மறைத்துவிடும். மைனஸ் இரண்டு மூன்று என்றால், முதல் கோப்பில் மட்டும் இருப்பவை மிஞ்சும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். காமிடம் வேண்டியதைச் சொல்வதில்லை, வேண்டாததைச் சொல்கிறோம்.

அப்பாவின் விரல் ஏன் தப்பவில்லை? இரண்டு புத்தகமும் ஒரே எண் வரிசையில் இருந்ததால். வரிசை கலைந்தால் விரலும் தப்பும், காமும் தப்பும். ஆகவே முதலில் சார்ட், பிறகு காம். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் சார்ட், பிறகு காம். டிஃப் இருக்கிறதே என்பீர்கள். அது நிரல் எழுதுகிறவர்களுக்கு நல்லது. பெயர்ப் பட்டியலில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தாலே புகார் சொல்லும்.

போன ஆண்டு எங்கள் தோட்டத்துப் பழைய மாணவர் சந்திப்பு. நான் தட்டச்சு செய்த பதிவேடு ஒரு கோப்பு, வருகிறேன் என்று பதில் போட்டவர்கள் இன்னொரு கோப்பு. சார்ட் பண்ணி காம் ஓட்டினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்று வந்தது!

கோப்பைத் திறந்து பார்த்தால் குளறுபடி. ஒன்றில் தெலுக் ஆன்சன், மற்றதில் தெலுக் இந்தான். 1982-இல் ஊர்ப் பெயர் மாறியது பதிவேட்டுக்குத் தெரியாது. 'இன்னாரின் மகன்' என்பது ஒன்றில் 'ஏ சாய்கோடு எல்', மற்றதில் 'அனாக் லெலாக்கி' என்று முழுசாக. சொல்லை மாற்றும் கட்டளையான செட்டை வைத்துத் திருத்தப் போனால் அதன் பிரிகோடும் சாய்கோடுதான். நம் பெயரும் கட்டளையும் முட்டிக்கொண்டன. இந்த மாதிரி நேரத்தில் பிரிகோட்டை நேர்கோடாக மாற்றிக்கொள்ளுங்கள், செட் ஒன்றும் சொல்லாது.

கடைசியில் பெயரை விட்டேன், ஐசி எண்ணைப் பிடித்தேன். கட் கொண்டு அந்தப் பத்தியை மட்டும் உருவினேன். நடுவில் இருந்த கோடுகளையும், விண்டோஸ் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒட்டிவைக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் 'டிஆர் மைனஸ் டி' துடைத்தது. எக்செல் வழியாக வந்த வரிகளில் எண்ணின் முன்னால் இருந்த சுழியங்கள் காணாமல் போயிருந்தன. 2000-இல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த ஆண்டைக் காட்டும் ஐசி சுழியத்தில்தானே தொடங்கும்? அவற்றையும் ஒட்டவைத்தேன். பிறகு? முதலில் சார்ட், பிறகு காம்.

மைனஸ் இரண்டு மூன்றில் ஆறு பேர் மிஞ்சினார்கள். ஆறு பேருக்கும் போன் போட்டேன். ஒரு தங்கச்சி, "எனக்கு அழைப்பே வரலையே அண்ணே" என்றது. தப்பு என்னுடையது.

மைனஸ் ஒன்று மூன்றும் ஓட்டிப் பார்த்தேன். பதில் போட்டிருக்கிறார், பதிவேட்டில் இல்லை. அப்படி ஒரே ஓர் எண். யாரடா இது என்று பார்த்தால், என் எண். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து தலை எண்ணிய கதைதான். எல்லாரையும் பதிவேட்டில் ஏற்றியவன், தன்னை ஏற்ற மறந்திருக்கிறேன்.