பட்டம் வாங்கிய பிள்ளையும் முதல் வேலையும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஷிப்டு முடிந்து வந்தவர்களும், நடவு முடித்துக் கரையேறி வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் படியேறிய பிள்ளை இருக்கிறது. பட்டம் வாங்கியாயிற்று. வேலை எங்கே?

காலம் கெட்டுக் கிடக்கும்போது படிப்பை முடிப்பது பிள்ளையின் குற்றமா? 2020ஆம் ஆண்டில் கொரோனாவினால் ஊரே அடைந்து கிடந்தபோது கடைசி வருஷப் பரீட்சை எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் புத்தியா குறைந்துவிட்டது?

கனடா தேசத்துப் பட்டதாரிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2012ல் வெளியாயிற்று. தொழில் மந்தத்தில் படிப்பை முடித்தவர்கள் ஆரம்பத்தில் சுமார் 9 சதவீதம் சம்பளம் குறைந்து போனார்கள். அந்தக் குறை முழுதும் தீரப் பத்து வருஷம் பிடித்தது. எப்படித் தீர்ந்தது? அகப்பட்ட முதல் கம்பெனியை விட்டு, நல்ல சம்பளம் தரும் கம்பெனிக்கு மாறியதால்தான் பெருமளவு தீர்ந்தது.

இங்கேதான் நம் அனுபவமே பிள்ளைக்கு இடைஞ்சலாகிறது. ஆலைத் தொழிலாளி என்ன சொல்கிறார்? “பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இரு, பர்மனெண்ட் ஆகும்” என்கிறார். பொய்யல்ல. விடிந்ததும் கேட்டில் நின்று, ஆள் வராத மிஷினுக்குப் பதிலியாகப் போய், அப்படித்தான் அவர் நிரந்தரமானார். ஒரு வருஷம் தொடர்ந்து உழைத்த பதிலியை, லே-ஆப் நஷ்டஈட்டுக்குப் பதிலி என்று ஒதுக்கக் கூடாது என்று பழைய தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. பதிலியானாலும் அவர் தொழிலாளி!

உங்கள் மகனோ மகளோ அப்ரண்டிஸாகப் போனால் அந்தப் பெயர்கூடக் கிடையாது. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. பல்லைக் கடித்து என்ன பயன்? பல்தான் போகும்! போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை பழகும், போகட்டும். ஆனால் எத்தனை மாதம், எவ்வளவு உதவித்தொகை, ஒப்பந்தம் சட்டப்படி பதிவானதா என்று முதல் நாளே கேட்க வேண்டும். பதிவே இல்லாமல் “டிரெயினி” என்று பெயர் மட்டும் வைத்து, முழு ஆள் வேலை வாங்கினால், அது வேறு விஷயம். அதை நாம் சங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மாறித்தான் பிழைக்க வேண்டும் என்றால், மாறவிடாமல் கட்டிப்போடுவது எது? அசல் சான்றிதழ்! “எங்களிடம் இருக்கட்டும்” என்பார்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். அடுத்தது பாண்டு. இடையில் நின்றால் இத்தனை லட்சம் கட்டு என்று எழுதி வாங்குவது. பத்திரத்தில் போட்ட தொகை உச்சவரம்புதான், நியாயமான நஷ்டஈடுதான் கேட்கலாம் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை பாங்கியின் 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2025ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பிள்ளை ஏன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறது? படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது. கடன் பத்திரத்தில் அப்பன் கையெழுத்தும் இருக்கிறதே! தவணை தொடங்குமுன் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து பாங்கிக்குப் போய், வேலையில்லை என்று எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். ஜாமீனுக்குப் போன மாட்டை விற்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எம்ப்ளாய்மெண்ட் ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்யுங்கள், புதுப்பியுங்கள். ஆனால் கார்டு வரும் என்று திண்ணையில் உட்காராதீர்கள். 1959ஆம் வருஷத்துச் சட்டம் காலியிடத்தைத் தெரிவிக்கத்தான் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. பதிந்தவரையே எடுக்கச் சொல்லவில்லை. வேலைக்கு லஞ்சம் கேட்கும் தரகனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆயினும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று அதிலே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷில் இருந்தால் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து படிப்போம்.