பொம்மை டைனோசருக்கு உதடு வேண்டுமா?



டைரனோசரஸ் ரெக்ஸ் வாயை மூடினால் அதன் பல் வெளியே தெரியுமா, தெரியாதா? டைனோசர் பொம்மை சேர்க்கிற இரண்டு பேர் சந்தித்துவிட்டால் இந்தக் கேள்விக்கு வராமல் பேச்சு முடியாது. வளர்ந்தவர்கள் பொம்மைக்காக இப்படி மல்லுக்கட்டுவார்களா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மல்லுக்கட்டுவார்கள். நானும் அவர்களில் ஒருவன். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஆய்வகத்தில் பாட்டில்களுக்குப் பக்கத்து அலமாரி முழுக்க இந்தப் பொம்மைகள்தான்.

சண்டையின் வேர் ஒரு சினிமா. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்து ரெக்ஸுக்கு வாயை மூடினாலும் மேல்வரிசைப் பல் வெளியே நிற்கும். பிறகு வந்த பொம்மைகளில் பெரும்பாலானவை அந்த முகத்தைப் பார்த்துச் செய்தவை. பிரான்சின் பாப்போ நிறுவனம் 2005-ல் கொண்டுவந்த ரெக்ஸைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. தோல் மடிப்பு, கழுத்து நரம்பு எல்லாம் அவ்வளவு நுணுக்கம். அதைச் செய்த கைக்கு என் மரியாதை உண்டு. ஆனாலும் அது திரையில் ஓடிய ரெக்ஸ். எலும்பு காட்டுகிற ரெக்ஸ் வேறு.

எலும்பு என்ன காட்டுகிறது? 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதலையின் பல் எப்போதும் வெளியே இருப்பதால் அதன் வெளிப்பக்கம் அதிகம் தேய்கிறது. ரெக்ஸின் உறவுக்கார விலங்கு ஒன்றின் பல்லை அறுத்துப் பார்த்தார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. மண்டையோட்டு நீளத்துக்குப் பல்லின் அளவு என்று கணக்குப் பார்த்தாலும் அது முதலையோடு சேரவில்லை, உடும்போடு சேர்ந்தது. அதாவது பல்லை மூட உதடு இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

குதிரைமொழிச் செம்மணல் தேரிப் பக்கம் இருக்கிற நேயர்கள் உடும்பைப் பார்த்திருப்பீர்கள். வாயை மூடியிருக்கும்போது அதற்குப் பல் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேரியோரக் கிராமத்திலிருந்து வருகிற பையன் ஒருவன் எழுந்தான். “கடிச்சா விடாது சார். ஆனா சும்மா இருக்கும்போது பல்லே தெரியாது சார்” என்றான். அலமாரியிலிருந்த ரெக்ஸைக் காட்டி, “அப்ப இது தப்பா சார்?” என்று கேட்டான். சேகரிப்பாளர்கள் பல வருடமாக வாதாடுகிற இடத்துக்கு அவன் ஒரே கேள்வியில் வந்துவிட்டான். என் ஓட்டு உடும்புக்குத்தான்.

அடுத்தது கை. நேயர்களே, வானொலியைக் கேட்டபடியே இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். பழைய பொம்மைகளில் ரெக்ஸும் வெலோசிராப்டரும் இப்படித்தான் கையை வைத்திருக்கும். இப்போது கையைத் திருப்பி, கைதட்டப்போவதுபோல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். எலும்பு மூட்டுகள் காட்டுவது இந்த இரண்டாவது நிலையைத்தான். முதல் நிலைக்கு அவற்றின் மணிக்கட்டு திரும்பவே திரும்பாது. புதுப் பொம்மை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கை சரியாக இருந்தால், செய்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் என்று நம்பலாம்.

வாலை இழுத்துக்கொண்டு கங்காருபோல நிமிர்ந்து நிற்கிற பழைய ரெக்ஸ், இறகு வைத்த புது ராப்டர் என்று பேச நிறைய இருக்கிறது. ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை வெளியிட்ட பொம்மைகளை வரிசையாக அடுக்கினால், அந்த வால் தரையிலிருந்து மேலே எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். சீனாவில் 1996-ல் சைனோசரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் உடம்பில் இறகு இழை தெரிந்த பிறகு, இறகும் பொம்மைக்கு வந்துவிட்டது.

நம் ஊர் வெயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம். இரண்டு காலில் நிற்கிற பொம்மை தூத்துக்குடிச் சித்திரை வெயிலில் மெல்ல முன்னால் சாய ஆரம்பிக்கும். மென்மையான பிளாஸ்டிக், கணுக்கால் வளைந்துவிடும். இதற்குப் பயந்து சில கம்பெனிகள் பாதத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்குகின்றன. அதைவிட, வயிற்றுக்குக் கீழே கண்ணாடி போன்ற ஒரு தாங்கி கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. உங்கள் வீட்டுப் பொம்மை சாய்ந்துவிட்டதா? சூடான தண்ணீரில் காலை முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். பெரியவர்கள் செய்யுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

இப்போது எனக்கு உயிரான விஷயத்துக்கு வருகிறேன். அது சதை.

எலும்பின் மேல் தோலை இழுத்து ஒட்டிவிட்டதுபோன்ற பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். மண்டையோட்டின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும், விலா எலும்பை எண்ணலாம். பார்க்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். பலர் இதைத்தான் ‘நிஜம்’ என்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். உயிரோடு இருக்கிற எந்த ஆரோக்கியமான விலங்கு அப்படி இருக்கிறது? 2012-ல் ஜான் கான்வே, கோஸ்மென், டேரன் நைஷ் மூவரும் ‘ஆல் யெஸ்டர்டேஸ்’ என்ற புத்தகத்தில் இந்த வழக்கத்தைத்தான் கேள்வி கேட்டார்கள். இன்றைய விலங்குகளின் எலும்பை மட்டும் வைத்து வரைந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டே காட்டினார்கள்.

அந்தப் புத்தகம் சொன்னதை நம் கரையில் நானே கண்ணால் பார்த்தேன். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. 1973-லும் இதே கரையில் ஒதுங்கியிருக்கின்றன. மீனவர்கள் படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்து விட, அவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. அன்று அங்கே நின்றவர்கள் யாரும் அந்தத் தலையை மறந்திருக்க மாட்டார்கள். உருண்டு திரண்ட நெற்றி, வாய்க்கு மேலே முன்தள்ளி நிற்கும். கறுத்து வழவழவென்று இருக்கும்.

அந்த விலங்கின் மண்டையோட்டைப் பாருங்கள். நெற்றி இருக்க வேண்டிய இடம் உள்வாங்கிக் குழிந்திருக்கும். அந்தப் பெரிய நெற்றி முழுக்கக் கொழுப்புத் திசு. ஒலியை அனுப்பி எதிரொலியால் வழி அறியத் திமிங்கலத்துக்கு அது வேண்டும். எலும்பில் அதன் உருவம் பதியவில்லை. பைலட் திமிங்கலம் அழிந்துபோய், மண்டையோடு மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால்? குழிந்த முகமும் அலகுமாக ஒரு பொம்மை செய்து, ‘நிஜம் போலவே இருக்கிறது’ என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்போம்.

மண்டையோட்டுப் படத்தை வகுப்பில் காட்டி, இதற்குச் சதை வைத்து வரையுங்கள் என்றேன். விலங்கின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் அலகு உள்ள ஏதோ ஒரு பறவைத் தலையை வரைந்தார்கள். மணப்பாட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நெற்றியை உருட்டி வரைந்தாள். “எப்படிம்மா?” என்றேன். “இந்தக் குழி சும்மா இருக்காது சார், இதுல என்னமோ இருந்திருக்கும்” என்றாள். நல்ல பொம்மைச் சிற்பிக்கு வேண்டியது இந்தப் புத்திதான். எலும்பு எங்கே நிற்கிறதோ அதுவரை எலும்போடு போக வேண்டும். அதற்கு மேல் உயிருள்ள விலங்குகளைப் பார்த்து யோசிக்க வேண்டும்.

அந்த வகையில் நம் கடற்கரைக்காரர்கள் பெரிய நடுவர்கள். ஸ்பைனோசரஸ் என்ற முதுகுத்துடுப்பு டைனோசருக்கு, வால் கூராக முடிகிற பொம்மைதான் முதலில் இருந்தது. 2020-ல் மொராக்கோவிலிருந்து அதன் வாலெலும்புகளைப் பற்றிய ஆய்வு வந்தது. வால் உயரமாக, பக்கவாட்டில் தட்டையாக இருந்திருக்கிறது. உடனே புதுப் பொம்மைகள் வந்தன, பழையதை வைத்திருந்தவர்களுக்கு வருத்தம். என் மாணவன் ஒருவனின் தாத்தா, சங்கு குளித்தவர், ஒரு நாள் பள்ளிக்கு வந்திருந்தார். பழையதையும் புதியதையும் அவர் முன்னால் வைத்து, “ஐயா, இதில் எது தண்ணீருக்குள் போகும்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, தட்டை வாலைத் தொட்டார். “கடல் பாம்புக்கு வால் இப்படித்தான் தட்டையா இருக்கும் வாத்தியாரய்யா, தரையில கிடக்கிறதுக்குத்தான் கூரா போகும்” என்றார். பிறகு காலைப் பார்த்து, “ஆனா இம்புட்டு கனத்தோட ஆழத்துக்கு முங்குமா?” என்றும் கேட்டார். 2022-ல் வந்த இன்னோர் ஆய்வு அதே சந்தேகத்தைக் கிளப்பியது. அது ஆழத்தில் நீந்தி வேட்டையாடியிருக்காது, கரையோரத் தண்ணீரில் நின்று மீன் பிடித்திருக்கும் என்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இனி நம் மாநிலத்து விலங்கு. இந்திய டைனோசர்களில் ராஜாசரஸுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. குஜராத்தின் ரயோலியில் கிடைத்த எலும்புகளை வைத்து 2003-ல் பெயரிட்டார்கள். நம் அரியலூர் விலங்கை எத்தனை பேர் அறிவோம்? புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து ‘புருகத்காயோசரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று தெளிந்தது. உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் ஈரத்தில் சிதைந்து போய்விட்டன. இன்று நம்மிடம் இருப்பவை விவரக் குறிப்பும் ஓவியங்களும், 2022-ல் வெளியான பழைய புகைப்படங்களும்தான்.

எலும்பே இல்லாத விலங்குக்குப் பொம்மை செய்யலாமா? எங்கள் வட்டத்தில் இதற்கும் சண்டை. கூடாது என்பவர்கள், செய்தால் அது கற்பனை என்கிறார்கள். நான் செய்யலாம் என்கிற பக்கம். அதன் உறவுக்கார விலங்குகளின் எலும்பு உலகமெங்கும் இருக்கிறது. எதை எலும்பிலிருந்து எடுத்தோம், எதை உறவுக்காரரிடம் கடன் வாங்கினோம் என்று அட்டையில் எழுதிவிட்டால் போதும், நேர்மையான பொம்மைதான்.

தூத்துக்குடிப் பனிமய மாதா கோவில் திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கு டைனோசர் வாங்கித் தருகிற பெற்றோர்களே, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு அது கட்டாயம். அப்படியே வயிற்றுப்பக்கம் திருப்பி, விலங்கின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரிந்தால் பிள்ளை நாளை நூலகத்தில் அதைத் தேடும். இறக்குமதிப் பொம்மை வாங்க எல்லாருக்கும் கட்டாது. வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆகிவிட்டது.

அதனால்தான் மதுரை விளாச்சேரியிலும் மற்ற ஊர்களிலும் கொலுப் பொம்மை செய்கிற கைவினைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த நவராத்திரிக்குக் கல்லமேட்டு விலங்கைக் காகிதக்கூழில் செய்யுங்கள். நாற்பதில் ஒரு பங்கு அளவில் செய்தால் அந்த 2 மீட்டர் எலும்பு 5 சென்டிமீட்டர் ஆகும், மற்றதை அதிலிருந்து கணக்குப் போடலாம். வாலைத் தரையில் போடாதீர்கள். முன்னங்காலைத் தூண்போல நிறுத்துங்கள், அதில் யானை நகம் வைத்துவிடாதீர்கள். கழுத்தில் தாராளமாகச் சதை வையுங்கள். அடியில் விலங்கின் பெயரையும், ‘கல்லமேடு, அரியலூர் மாவட்டம்’ என்றும் தமிழில் எழுதுங்கள். முதல் பொம்மையை எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்.