சில்லறையின் பெருமை

பணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இலட்சத்தையும் கோடியையும் பற்றியே பேசுவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சட்டைப் பையின் மூலையில் கிடக்கும் சில்லறைக் காசே அது. கையில் இருக்கும்போது அதன் அருமை எவருக்கும் தெரிவதில்லை. அயல்நாட்டில் தொழிலின் பொருட்டுத் தங்கியிருக்கையில் அது கிடைக்காமற் போனால் தெரியும்.

2016 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500 ரூபா, 1000 ரூபாத் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லா என இந்திய அரசு அறிவித்தது. அந்நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் அவ்விரு தாள்களே. அக்காலத்தில் நான் பணி நிமித்தம் தமிழ்நாட்டில் தங்கியிருந்தேன். பழைய தாள்களுக்கு ஈடாக முதலில் கைக்கு வந்தது புதிய 2000 ரூபாத் தாள். அதனைப் பெற வங்கி வாயிலில் அரைநாள் நிற்க வேண்டும். பெற்றபின் அதனை மாற்ற மறு அரைநாள் அலைய வேண்டும். பத்து ரூபாத் தேநீருக்கு அத்தாளை நீட்டினால் கடைக்காரர் என்ன செய்வார்? தாளையும் பார்ப்பார், நம் முகத்தையும் பார்ப்பார். பின்னர் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு ரூபா மிகுதிக்கு மிட்டாய் தருவதும் அங்குள்ள கடைகளில் கண்ட வழக்கமே. ஆனால் அந்த மிட்டாயை எந்தப் பஸ் நடத்துனரும் கட்டணமாக ஏற்பதில்லை!

அந்நாட்களில் என் பசியைத் தீர்த்தவர் தெருவோரத்தில் இட்டிலி விற்ற ஓர் அம்மையார். “காசு எங்கே சார் ஓடிப்போகிறது? கிடைக்கும்போது கொடுங்கள்” என்றார். அவரிடம் கடன் சொன்னவர்கள் என்னைப்போல் பலர். மறுநாட் காலையில் அரிசியும் உளுந்தும் வாங்க அவருக்கும் காசு வேண்டுமன்றோ? நாட்டில் நேர்ந்த பணத்தட்டுப்பாட்டின் சுமை படிப்படியாக இறங்கி, யாவரினும் சிறிய வியாபாரியின் தோளில் வந்து அமர்ந்தது. சில்லறை இல்லாதபோது ஏழையே செல்வருக்குக் கடன் கொடுக்கிறான் என்னும் உண்மையை அங்கே கண்டேன்.

நம் தோட்டங்களின் வரலாற்றிலும் இது புதிதன்று. கோப்பி செழித்த 19 ஆம் நூற்றாண்டில், சில்லறை போதாமையால் கொழும்பு வணிக நிறுவனங்கள் சில தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டன. அரசாங்கக் காசை யாரும் ஏற்பர். வில்லையின் மதிப்போ அதை வெளியிட்டவரின் நாணயத்தைப் பொறுத்தது. இலங்கை ரூபா 1872 முதல் 100 சதமாயிற்று. இந்திய ரூபாவோ 1957 மார்ச் முடிய 16 அணாவாகவே இருந்தது. இரு ரூபாவும் சமமாயிருந்த காலத்திலும் ஓரணாவுக்கு ஆறேகால் சதம். ஊருக்குச் சென்று மீண்ட தொழிலாளி ஒவ்வொரு முறையும் இக்கணக்கைப் போட வேண்டியிருந்தது. எழுத்தறியாதவர் அந்தக் காற்சதத்தை யாரிடம் கேட்பார்? உலகப் போரின்போது, 1942 இல், 10 சதத்துக்கும் 25 சதத்துக்குங்கூட நம் நாட்டில் தாள் அச்சிட நேர்ந்தது.

இன்று கைத்தொலைபேசியாற் பணம் செலுத்தும் முறை வந்துவிட்டது. இந்தியாவின் யூபிஐ முறை 2024 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது. நல்ல வசதிதான். ஆயினும் அதற்குத் தொலைபேசி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், மலைச்சரிவில் அலைத்தொடர்பும் வேண்டும். புளத்கொகுபிட்டியக் கடைவீதிக்கு வரும் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் இறப்பர்ப் பால் வெட்டும் தந்தைக்கும் இவை மூன்றும் ஒருங்கே வாய்க்கும் நாள்வரை, கையிலுள்ள காசே துணை. பஸ்ஸில் மிகுதி கிடைக்காத பத்து ரூபா நமக்கு அற்பம். நாட்கூலி பெறுவோருக்கு அது அற்பமன்று.

ஆகவே நேயர்களே, சில்லறையைப் பூட்டி வைக்காமல் புழங்க விடுவோம். பெரிய தாளைப் பெரிய கடையில் மாற்றுவோம். கீரை விற்பவரிடம் நீட்ட வேண்டாம். அவருக்குரிய காசை முதலிற் கொடுத்துவிடுவோம். மிகுதியை எண்ணிக் கேட்பது இழிவன்று, எண்ணிக் கொடுப்பது கடமை என்று நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.