ஊருக்குக் கொண்டு போகும் லப்டொப்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)

 

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. உயர்தரத்தோட படிப்பு நின்று போய், இங்கே ஜெர்மனிக்கு வந்து, காட்போட் பெட்டிகள் அச்சடிக்கும் தொழிற்சாலையில் மெசினோட நிற்கிறவன். என்னட்டை ஒரு கேள்வி மட்டும் வருசா வருசம் சித்திரை பிறக்கிற நேரத்தில் வரும். “தம்பி, கோடை விடுமுறைக்கு ரிக்கற் போட்டிட்டம். படங்களைப் போட்டுப் பார்க்க, கொஞ்சம் திருத்த, சின்னதா ஒரு லப்டொப் வாங்க வேணும். எது நல்லது?” ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணித்தியாலம் சொல்லுறதை விட, இங்கே ஒருக்கால் சொல்லி விடு என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். ஆகவே நிற்கிறேன்.

கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். என்ன படம்? கலியாண வீடு, கோயில் திருவிழா, கசூரினா கடற்கரை என்றால் கையில் இருக்கிற போனே போதும். அதுக்கு லப்டொப் வாங்கிக் காசைக் கரியாக்காதேங்கோ. ஆனால் எங்கட சனத்துக்கு இன்னொரு வகைப் படம் இருக்கு. பெரியம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருக்கிற பழைய படங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எத்தனை அல்பங்கள் வீட்டோடு போயின! 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு போனது எத்தனை! 2009 இல் வன்னியில் பங்கருக்குள் விட்டு வந்தது எத்தனை! ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு படம்தான் மிச்சம் என்றால், அதில் ஒன்று சாவகச்சேரியில் இருக்கும், ஒன்று திருச்சியில் இருக்கும். இரண்டாவது பிரதி கிடையாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கத் தொடங்கிய தாய்மாரின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் ஒரு படம். வெயிலில் பிடித்துப் பிடித்து நிறம் போன படம்.

அந்தப் படங்களுக்குத்தான் நான் லப்டொப் கொண்டு போகச் சொல்லுறன். எல்லாராலும் போகவும் முடியாது. அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள் மற்ற நாடுகளுக்குப் போகலாம், சொந்த நாட்டுக்குப் போக ஏலாது. அவர்களுக்காகவும் சேர்த்துப் போகிறவர்கள்தான் கொண்டு வரவேண்டும்.

“படத்தைப் போனில் எடுத்து வந்து இங்கே ஆறுதலாகத் திருத்தலாமே, அங்கே ஏன் சுமக்கிறது?” என்று ஒரு அண்ணை கேட்டார். நல்ல கேள்வி. படத்தைத் திருத்துவதை இங்கேயும் செய்யலாம். படத்தில் நிற்கிறவர் ஆர் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. 2023 இல் நான் போனபோது எங்கட பெரியம்மாவுக்கு 81 வயது. 1974 இல் எடுத்த ஒரு கலியாண வீட்டுக் குழுப் படம். கையில் கொடுத்தால், “கண் தெரியேல்லையடா” என்று திருப்பித் தந்து விட்டா. அதையே லப்டொப்பில் போட்டு, வெளிறிய இடத்தைக் கொஞ்சம் கருக்கி, ஒவ்வொரு முகமாகப் பெரிசாக்கிக் காட்டினேன். பதினொரு பேருக்குப் பெயர் சொன்னா. ஒரு பொடியனைக் காட்டி, “இவன் சோடா உடைச்சுக் குடுக்க வந்தவன், படத்துக்கை பூந்திட்டான்” என்றா. என் மனைவி பக்கத்தில் இருந்து எழுதினா. அங்கேயே, அந்த இரவிலேயே திருத்திப் பெரிசாக்கிக் காட்டினபடியால்தான் இது நடந்தது.

ஆகவே லப்டொப் வாங்கும்போது அந்த இரவை மனதில் வைத்து வாங்குங்கள். முன்னுக்கு ஒரு வயதுபோன ஆள், பக்கத்தில் இரண்டு பேர், மேலே ஒரு மங்கல் பல்ப்.

அப்படி நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது திரை. கடைக்காரர் புரொசசரின் பெயரைத்தான் பெரிசாகச் சொல்லுவார். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. நான் வேலை செய்யும் இடத்தில் நிறம் பார்க்க என்றே ஒரு மேசை இருக்கு. அதுக்கு மேலே 5000 கெல்வின் அளவில் தனியான வெளிச்சம், சுற்றிவரச் சாம்பல் நிறம். சொக்கலேற் பெட்டியின் சிவப்பு சரியா பிழையா என்று அந்த வெளிச்சத்தில்தான் முடிவெடுக்கலாம். ஜன்னலடியில் வைத்துப் பார்த்துவிட்டு “சரி” என்று சொன்னால் போர்மன் கத்துவார். படம் திருத்துவதும் இதே மாதிரித்தான். திரை பொய் சொன்னால் நீங்கள் செய்வதெல்லாம் பிழைக்கும்.

மலிவான லப்டொப்களின் விபரத்தில் சின்ன எழுத்தில் “45 வீதம் என்.ரி.எஸ்.சி.” என்று கிடக்கும். அப்படியானால் இணையத்திலும் போனிலும் நாங்கள் சாதாரணமாகப் பார்க்கிற நிற அளவில், அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்பார்கள், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். முதலில் அடிபடுவது சிவப்பு. குங்குமப் பொட்டும் கூறைச் சேலையும் செங்கல் நிறத்தில் தெரியும். உடனே நீங்கள் சிவப்பைக் கூட்டுவீர்கள். பிறகு தம்பி வீட்டுத் திரையில் பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் தக்காளிப்பழம் மாதிரி இருக்கும். ஆகவே “100 வீதம் எஸ்.ஆர்.ஜி.பி.” என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கோ. “ஐ.பி.எஸ்.” வகைத் திரையாக இருக்கட்டும். வெளிச்சம் 300 நிற்ஸ் ஆவது வேணும், 400 என்றால் முற்றத்துப் பகல் வெளிச்சத்திலும் சமாளிக்கலாம். “ஓ.எல்.ஈ.டி.” திரைகள் அழகுதான், ஆனால் சிலதில் நிறம் தேவைக்கு மேல் பளபளக்கும். அதைக் குறைக்கிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் சோதிக்க ஒரு சின்ன வழி. ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் உங்கட வீட்டு முகம் ஒன்றின் படத்தையும், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் கொண்டு போங்கோ. முகத்தைத் திறந்து வைத்துவிட்டுத் திரையை முன்னுக்கும் பின்னுக்கும் சரியுங்கள். பக்கத்திலும் நின்று பாருங்கள். முகம் கறுத்தால், அல்லது நெகட்டிவ் மாதிரி மாறினால், அந்த லப்டொப்பை மூடிவிட்டு வாங்கோ. பெரியம்மா நடுவில் இருப்பா, நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், இரண்டு பேருக்கும் ஒரே படம் தெரிய வேணும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ நீலமோ அடித்தால் அதுவும் கூடாது.

அளவு 13 அல்லது 14 அங்குலம். 11 அங்குலம் வயதுபோன கண்ணுக்குப் பத்தாது. 15, 16 என்றால் சுமை. வளைகுடா வழியாகப் போகிற பல விமானங்களில் கைப்பொதி 7 கிலோதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதுக்குள் கமராவும் போக வேணும், அன்ரிக்கு வாங்கின வாசனைப் போத்தலும் போக வேணும். மக்புக் எயர் 13 அங்குலம் 1.24 கிலோ. வேறு நல்ல கொம்பனிகளின் சின்ன லப்டொப்களும் அந்த 1.2, 1.4 கிலோவுக்குள் வந்து விடும்.

மெமரி 16 ஜிகாபைட் வேணும். 8 உடன் வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும், வயதானவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்ப வருகிற சின்ன லப்டொப்கள் பலவற்றில் மெமரியைப் பலகையோடு ஒட்டி விடுகிறார்கள், பிறகு கூட்ட ஏலாது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கோ. புரொசசரைப் பற்றி ஒரு வரி போதும்: நிற்கிற படம் திருத்த கடந்த ஐந்தாறு வருசத்துக்குள் வந்த எந்த நடுத்தரப் புரொசசரும் காணும்.

எவ்வளவு சேமிப்பு இடம் தேவை? கணக்குப் பார்ப்போம். 4க்கு 6 அங்குலப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் 2400க்கு 3600 புள்ளி. சுருக்காமல் டிஃப் வடிவில் வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். 500 பழைய படம் என்றால் 13 ஜிகாபைட். அவ்வளவுதான்! கமராவில் 24 மெகாபிக்சல் ரோ படம் ஒன்று 30 மெகாபைட் என்று வைத்தாலும், 2000 படத்துக்கு 60 ஜிகாபைட். ஆகவே 512 ஜிகாபைட் தாராளம். ஒரு ரெராபைட்டுக்குக் கூடக் காசு குடுக்காமல், அந்தக் காசில் வெளியே செருகிற சின்ன எஸ்.எஸ்.டி. இரண்டு வாங்குங்கள். பீற்றர் குறோக் என்ற படப்பிடிப்பாளர் பரப்பிய ஒரு விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். எங்களுக்கு அதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஒரே வீட்டில் எல்லாத்தையும் வைத்தால் என்ன நடக்கும் என்று கண்டவர்கள் நாங்கள். ஒரு எஸ்.எஸ்.டி. உங்கள் கைப்பையில். மற்றது லப்டொப் பையில் வேண்டாம், ஊரில் ஒரு உறவினர் வீட்டில் விட்டிட்டு வாங்கோ. அவைக்கும் தங்கட படம் வேணும்தானே.

புதுசுதான் வேணும் என்று இல்லை. கந்தோர்களில் பாவித்துக் கழித்த திங்க்பாட், லாற்றிரியூட், எலைற்புக் வகைகள் இங்கே திருத்தி விற்கிற கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். 2025 இறுதியில் மெமரி விலை ஏறின பிறகு நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுறன். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்று விட்டன. விண்டோஸ் 11 ஏறுவதற்கு இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதுக்குப் பிந்தியது இருக்க வேணும். விற்கிறவர் “ஓடும், ஓடும்” என்பார், நீங்கள் தலைமுறை எண்ணைக் கேளுங்கோ. பழைய லப்டொப்பின் திரையையும் மேலே சொன்ன மாதிரி சோதியுங்கள், ஒரே மொடலிலேயே நல்ல திரையும் கெட்ட திரையும் வந்திருக்கும்.

சார்ஜ் யூ.எஸ்.பி.-சி வழியாக ஏறுகிறதா என்று பாருங்கோ. 65 வற் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லப்டொப்புக்கும் காணும். ஊரில் சில வீட்டில் வட்ட மூன்று கால், சில வீட்டில் சதுர மூன்று கால். இங்கத்தைய பிளக் இரண்டிலும் போகாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும். இப்ப அந்த நிலை இல்லை, என்றாலும் ஒரு பவர் பாங்க் வைத்திருங்கள். 100 வற்-மணிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கைப்பொதியில்தான் வைக்கலாம், பெரிய சூட்கேசில் போட விட மாட்டார்கள்.

படம் திருத்த லைட்ரூம் நல்லது, ஆனால் மாதாமாதம் காசு. டார்க்டேபிள் இலவசம். பழக ஒரு கிழமை பிடிக்கும், இப்பவே தொடங்கினால் ஆடிக்குள் கைவந்துவிடும். இரண்டும் மூலப் படத்தைத் தொடாமல், மாற்றங்களைத் தனியாக எழுதி வைப்பவை. 1970, 80 களின் கலர்ப் படங்கள் பல சிவந்து போயிருக்கும். நிறத்தைச் சமப்படுத்துங்கள், மங்கலைக் கொஞ்சம் எடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லுறன், கோவிக்கக் கூடாது. இப்ப போனில் செயற்கை அறிவு என்று சொல்லி, தெளிவில்லாத முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகிற செயலிகள் வந்திருக்கு. அது மறைந்திருந்த முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்களின் முகங்களைப் பார்த்துப் பழகின இயந்திரம், இப்படித்தான் இருக்கும் என்று ஒரு கண்ணையும் மூக்கையும் தானே வரைகிறது. காணாமல் போன பிள்ளையின் ஒரே படம் மங்கலாக இருந்தால், அது மங்கலாகவே இருக்கட்டும். தாய்க்கு அந்த மங்கலுக்குள் பிள்ளை தெரியும். விளையாட்டுக்குச் செய்தால் அதை வேறு பெயரில் வையுங்கள், மூலப் படத்தோடு கலக்காதேங்கோ.

எடுக்கும்போது பிளாஷ் போடக்கூடாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, படத்துக்கு நேரே மேலே நின்று எடுங்கள். லமினேற் செய்த படம் பளபளத்தால் படத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பசை அல்பத்தில் ஒட்டின படத்தை உரிக்க வேண்டாம், அல்பத்தோடேயே எடுங்கள். பின்பக்கம் தெரிகிற படமென்றால் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதேங்கோ. ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

பெயர்களைப் படத்துக்குள்ளேயே விபரமாக எழுதலாம், இரண்டு செயலியிலும் அதுக்கு இடம் இருக்கு. யூனிகோட் தமிழில் எழுதுங்கோ. எங்கட பழைய ஆட்கள் சிலர் இன்னும் பாமினி எழுத்தை விடவில்லை. இந்தச் சங்கத்தின் பழைய மலர்களின் கோப்புகளை அந்த எழுத்து இல்லாத கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள், வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கும். பேரப்பிள்ளை திறக்கும்போது பெரியம்மா சொன்ன பெயர்கள் அப்படிக் கிடக்கக் கூடாது.

கடைசியாக, லப்டொப்புக்குக் கடவுச்சொல் போட்டு, உள்ளே இருப்பதையும் பூட்டி வையுங்கள். விண்டோஸிலும் மக்கிலும் அதுக்கு வசதி உண்டு. எல்லாப் படமும் எல்லாருக்கும் காட்டுகிற படம் இல்லை. எதைக் கொண்டு வருவது, எதை அங்கேயே விடுவது என்பதைப் படத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வாங்க முதல் மொடல் பெயரை அனுப்பினால் திரையின் விபரத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அடுத்த இரண்டு கிழமை எனக்கு இரவு சிப்ட். பகல் இரண்டு மணிக்குப் பிறகு எடுங்கோ.