இணையதளம் அமைக்கும் கருவிகள்
(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்கூடத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தமையாலேயே நம் முன்னோர் எழுத்தறியாது வாழ்ந்தனர். ஆதலால் எத்தொழிலை நோக்கினும், அதன் வாயில் திறந்திருக்கிறதா என்றே நாம் முதலில் வினவுகிறோம். இணையதளம் அமைக்கும் தொழிலைக் குறித்தும் இன்று அவ்வாறே வினவுவோம்.

தளம் ஒரு வீடு போன்றது. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என வகுத்துச் சுவரெழுப்புவது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. வண்ணம் தீட்டி அழகு செய்வது சி.எஸ்.எஸ். தட்டினால் கதவைத் திறக்கும் இயக்கத்தைத் தருவது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவைப் பத்தே நாட்களில் எழுதினார். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைத்து, பலர் கூடி உழைக்கத் துணைபுரிவது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட்.

இவற்றில் எதற்கும் விலையில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வலையின் மென்பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று அவ்வாய்வகம் பொதுச்சொத்தாக்கிற்று. மேலும், கணிப்பொறியில் ஒரு தளத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்துங்கள். உலாவிக்கு வந்து சேர்ந்த பக்கத்தின் குறிமொழி கண்முன் விரியும். பிறர் கட்டிய வீட்டின் செங்கல்லை எண்ணிப் பார்த்தே நாம் தொழில் பழகலாம்.

ஆயினும் தடைகள் உள. கணிப்பொறியில்லா வீடு, ஆங்கிலத்தின்பால் அச்சம், மாலைவரை உழைத்த களைப்பு ஆகியவற்றை நாம் அறிவோம். கைபேசியில் பார்த்துப் பழகுவதால் மட்டும் இத்தொழில் கைவராது. விசைப்பலகை முன் அமர்ந்து எழுதியாக வேண்டும். ஆகவே நம் இரவு வகுப்பறையில் இரண்டு கணிப்பொறிகளேனும் வைத்திடக் கழகத்தை வேண்டுகிறோம். தொடக்கத்திற்கு இருபது ஆங்கிலக் குறிச்சொற்கள் போதும். உள்ளே எழுதுவது தமிழாகவே இருக்கலாம். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றுவிட்டன.

இளைஞர்களே! உங்கள் முதற்பயிற்சி இக்கழகத்தின் இருபத்தைந்தாண்டு வரலாறாக அமையட்டும். முதல் வகுப்பு நடந்த இடத்தையும், அரிசி கொடுத்து ஆசிரியரைக் காத்த தாய்மாரையும் அதில் எழுதுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதுவாரென இனியும் காத்திருத்தல் வேண்டா.